நீலகிரியில் ஆதரவற்ற பெண்கள் இல்லத்துக்குத் துணை நிற்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

உதகைப் பக்கம் நான் சில வருடங்களாகப் போய்வரும் பெண்கள் இல்லம் ஒன்று உண்டு. இருபது கட்டில், ஒரு சமையல்கட்டு, பின்னால் துணி காயப்போட ஒரு தகரக் கொட்டகை. ஏப்ரல், மே சீசனில் அங்கே ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு போட மூன்று குடும்பம் காத்திருக்கும். ஜூனில் மழைக்காற்று ஆரம்பித்ததும் போன் வருவது குறைந்துவிடும். டிசம்பர் கடைசியில், தலைக்குந்தா பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்து கிடக்கும் வாரங்களில், யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இல்லத்துக்குச் செலவு ஏறுவதோ சரியாக அந்த மாதங்களில்தான்.

உதவும் மனசு நம் ஊரில் நிறையப் பேருக்கு இருக்கிறது. எதை, எப்போது, எப்படி என்பதில்தான் தடுமாறுகிறோம். நானும் தடுமாறியிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

படி 1: யார் வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

வீடில்லாத பெண் என்றதும் பஸ் ஸ்டாண்டில் படுத்திருப்பவர்தான் நினைவுக்கு வருவார். மலையில் அது ஒரு பகுதிதான். முப்பது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவர் ஓய்வு பெற்றால் எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பிள்ளைகள் திருப்பூரிலோ கோவையிலோ ஒற்றை அறையில் இருப்பார்கள். அம்மாவுக்கு அங்கே இடம் இருக்காது. 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து இங்கே தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்த குடும்பங்களில் இதை அடிக்கடி கேட்டிருக்கிறேன். திரும்பிப் போக அவர்களுக்குச் சமவெளியில் ஒரு சென்ட் நிலம் கிடையாது.

அப்புறம், குடிக்கிற கணவனிடம் அடி தாங்காமல் குழந்தையோடு வெளியேறியவர்கள். லாட்ஜில், காட்டேஜில் தங்கி வேலை செய்து, சீசன் முடிந்ததும் அறையை இழந்தவர்கள். மனநலம் பாதித்து, எந்த ஊரில் பஸ் ஏறினோம் என்றே தெரியாமல் வந்து இறங்கியவர்கள். தோட்ட வேலைக்கு வடக்கேயிருந்து வந்து, மொழி தெரியாமல் தனித்துப்போன இளம் பெண்கள். ஒருவருக்கு மருந்து வேண்டும், ஒருவருக்கு வக்கீல் வேண்டும், ஒருவருக்கு அவர் மொழியில் பத்து நிமிடம் பேச ஆள் வேண்டும். எல்லாருக்கும் ஒரே புடவை வாங்கிக் கொடுத்துவிட்டு வருவது ஏன் பத்தாது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

படி 2: இல்லத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பணம் கொடுக்கும் முன் ஒரு தடவை நேரில் போங்கள். பெண்கள் தங்கும் விடுதியோ இல்லமோ நடத்த, 2014-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்கியிருக்க வேண்டும். அதைப் பார்க்கக் கேட்பதில் தவறில்லை. நல்ல இல்லம் சந்தோஷமாகக் காட்டும்.

காகிதத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு சில கேள்விகள். பென்ஷன் வாங்கும் அம்மாக்களின் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் யார் கையில் இருக்கின்றன? அவர்கள் வெளியே போய்வர முடிகிறதா, இல்லை கதவு எப்போதும் பூட்டியே இருக்கிறதா? இரவில் பெண் காவலர் இருக்கிறாரா? கழிவறைக்கு உள்ளேயிருந்து தாழ்ப்பாள் இருக்கிறதா? நகர்ப்புற வீடற்றோர் காப்பகங்களுக்கு மத்திய அரசு வகுத்த வழிகாட்டுதல், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்கிறது. நீங்கள் பார்க்கும் அறையில் கட்டில்களை எண்ணி அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகைக் கட்டடத்தில் நடக்கும் சின்ன இல்லத்தில் கொஞ்சம் குறையலாம். ஆனால் பாதிக்கும் கீழே என்றால் காரணம் கேட்க வேண்டும்.

இல்லம் ஏழ்மையாக இருப்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். அங்கே இருக்கும் பெண்கள் பொறுப்பாளரிடம் பயமில்லாமல் பேசுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும்.

படி 3: கேட்டுவிட்டு வாங்குங்கள்

முதல் வருடம் நான் தெருத்தெருவாகப் போய் மூன்று மூட்டை பழைய துணி சேர்த்துக் கொண்டுபோய் இறக்கினேன். ஜூலை மாதம். இல்லத்தில் ஈரம் ஏறாத அறை ஒன்றே ஒன்றுதான். மூட்டைகள் அதில் பாதியை அடைத்துக்கொண்டன. பிரித்தால் கல்யாணப் பட்டுப்புடவை, பத்து வயதுப் பிள்ளையின் ஸ்வெட்டர், ஜிப் போன ஜாக்கெட். மூன்று வாரத்தில் பூசணம் பிடித்து வாடை வந்தது. பொறுப்பாளர் அக்கா கோபப்படவில்லை. “அடுத்த தடவை ஒரு வார்த்தை கேட்டுட்டு வா கண்ணு, இங்க என்ன வேணும்னு நானே சொல்றேன்” என்றார். அவர் அன்று சொல்லி நான் எழுதிய பட்டியலின் சாரம் இது:

நைட்டி, அதுவும் முழுக்கை வைத்தது. பெரியவர்கள் அளவுக்கு ஸ்வெட்டர், மங்கி கேப், மஃப்ளர், கம்பளி சாக்ஸ். உள்ளாடை புதியதாக மட்டும். யாரோ போட்டதை இன்னொரு பெண்ணுக்குக் கொடுக்காதீர்கள். நாப்கின் மாதா மாதம் வேண்டும். மழை மாதத்தில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது, அதனால் துணியை வைத்துச் சமாளிக்கச் சொல்வது இங்கே சரிவராது. படுக்கையோடு இருக்கும் பாட்டிகளுக்குப் பெரியவர்களுக்கான டயாப்பர். வழுக்காத ரப்பர் செருப்பு.

இன்னொன்று, வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றாதது. தேங்காய் எண்ணெய் இந்தக் குளிரில் பெரும்பாலான நாள் கட்டியாகத்தான் இருக்கும். வாய் குறுகிய பாட்டிலில் வாங்கிக் கொடுத்தால் பாட்டிகள் அதைச் சமையல்கட்டு அடுப்போரம் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். விரல் விட்டு எடுக்கிற மாதிரி அகலவாய் டப்பாவில் கொடுங்கள். சின்ன விஷயம்தான். தலை வாரிக்கொள்ள யாரையும் எதிர்பார்க்க வேண்டாம் என்பது அவர்களுக்குச் சின்னது இல்லை.

கீழேயிருந்து காரில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள்; 2024 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. பொருட்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். மாவட்ட எல்லையில் சோதனை உண்டு, குடிதண்ணீர் பாட்டில்களையும் வாங்கி வைத்துவிடுவார்கள். துணிப்பையில் கொண்டுவந்தால் பையும் இல்லத்துக்குப் பயன்படும்.

படி 4: மாதா மாதம், ஒரே தேதியில்

எல்லாருக்கும் பிறந்தநாளன்று சாப்பாடு போட ஆசை. அதனால் ஞாயிறும் அமாவாசையும் இலை நிறைய வடை பாயசம். செவ்வாய்க்கிழமை காலை உப்புமாவுக்கு ரவை இல்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் பாயசத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் பாரம் குறைவதில்லை.

இல்லம் ஓடுவது யாரும் நன்கொடை கொடுக்க விரும்பாத செலவுகளில்: வாடகை, கரண்ட் பில், கேஸ், இரவுக் காவலர் அம்மாவின் சம்பளம், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ. அரிசியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் என்றால் 20 பேருக்கு 8 கிலோ. மாதத்துக்கு 240 கிலோ, அதாவது 25 கிலோ மூட்டை கிட்டத்தட்ட பத்து. இது அரிசி மட்டும்.

கேஸ் செலவு சமவெளியைவிட இங்கே கூடுதல். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் வருடக்கணக்கில் கேஸ் மிச்சமாகும். நான் பார்த்த நன்கொடைகளிலேயே இதைப்போல உழைத்தது எதுவும் இல்லை.

ஆகவே உங்களால் 500 ரூபாய்தான் முடியும் என்றாலும் ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி போய்ச் சேரும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். தெரு நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து “கேஸ் எங்கள் பொறுப்பு” என்று ஒரே ஒரு செலவை ஏற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. ஜூனிலும் டிசம்பரிலும் மட்டும் தொகையைக் கொஞ்சம் கூட்டுங்கள். காய்கறிக்கு நம் மாவட்டத்தில் ஒரு வசதி உண்டு. உழவர் சந்தையிலும் மண்டியிலும் வடிவம் கோணலான கேரட், உருளை, பீட்ரூட் மலிவாகக் கிடைக்கும். தெரிந்த விவசாயி இருந்தால் சொல்லி வையுங்கள். மீந்த கல்யாணச் சாப்பாட்டை இரவு பத்து மணிக்குக் கொண்டுபோய் இறக்க வேண்டாம். மீதியை வெளியே கொட்டினால் எண்ணெய் வாசனைக்குக் கரடி வரும். குன்னூர், கோத்தகிரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ரசீது பற்றி ஒரு வார்த்தை. நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக அனுப்புங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட சொந்தக்காரர்கள் பணம் அனுப்ப நினைத்தால், இல்லத்துக்கு வெளிநாட்டு நிதி பெறும் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். இல்லாமல் வாங்கினால் சிக்கல் இல்லத்துக்கு.

படி 5: குளிரைச் சரியாகக் கையாளுங்கள்

இதை மட்டும் நிதானமாகப் படியுங்கள். குளிர் நாளில் பலர் நல்லெண்ணத்தோடு கரி மூட்டையும் இரும்புச் சட்டியும் வாங்கித் தருகிறார்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூங்குகிறவர் தூக்கத்திலேயே போய்விடுவார். புகை இல்லை, தணல்தானே என்று நினைப்பதுதான் ஆபத்து. கரி அடுப்பு எந்தக் காரணத்துக்கும் படுக்கும் அறைக்குள் போகக் கூடாது.

அதற்குப் பதிலாக: ஆளுக்கு இரண்டு கம்பளி, தரைக்குளிர் ஏறாத தடித்த மெத்தை, ஜன்னல் இடுக்கை அடைக்க ரப்பர் பட்டை, இரவு படுக்கும்போது கால்மாட்டில் வைக்க வெந்நீர்ப் பை. பையை அப்படியே தோலில் வைக்காமல் துணி சுற்றி வைக்க வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்குக் காலில் சூடு தெரியாது, வெந்துபோகும். குளிக்க வெந்நீர் கிடைக்கும்படி சோலார் ஹீட்டரோ கீசரோ ஏற்பாடு செய்ய முடிந்தால், குளிக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பாட்டிகள் பாதிப் பேர் தாங்களாகவே குளிப்பார்கள்.

வயதானவருக்கு உடம்பு சில்லிட்டு, பேச்சு குழறி, நடுக்கம்கூட நின்றுவிட்டால் அது தூக்கக் கலக்கம் இல்லை. ஈரத்துணியை மாற்றி, கம்பளியால் சுற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள். கை காலைச் சூடுபறக்கத் தேய்க்க வேண்டாம். பிராந்தி கொடுக்கவே வேண்டாம்.

படி 6: காகிதங்களுக்கு ஓடுங்கள்

பணமில்லாதவர்களும் செய்யக்கூடிய, எல்லாவற்றிலும் பெரிய உதவி இதுதான். இல்லத்தில் இரண்டு மூன்று பேர்தான் வேலை பார்ப்பார்கள். ஒரு அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசில் முழு நாள் உட்கார அவர்களால் முடியாது. உங்களால் முடியும்.

ஆதாரில் ஆரம்பியுங்கள். முன்பே எடுத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். எடுத்திருந்தால் புதிதாகப் பதிந்தாலும் நிராகரிக்கப்படும், பழைய எண்ணைத்தான் தேட வேண்டும். முகவரியே இல்லாதவருக்கு, அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் சான்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

ஒரு பாட்டியோடு போயிருந்தேன். பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். எதுவும் பதியவில்லை. கொழுந்து பறித்துப் பறித்து ரேகை தேய்ந்து, விரல் நுனியில் கறை மட்டும் கோடு கோடாக நிற்கிறது. “கை கழுவிட்டு வாங்க” என்றார் அங்கிருந்தவர். கழுவினால் போகிற கறையா அது? இப்படி ஆனால் விட்டுவிட்டு வராதீர்கள். கருவிழிப் பதிவு இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும். பேரைச் சொல்லிக் கேட்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் வேலை நடக்கிறது. அன்று எங்களுக்கு நடந்தது.

அடுத்தது உதவித்தொகை. 60 வயதானவர்களுக்கு முதியோர் உதவித்தொகை. அதுதவிர விதவைகளுக்கு, கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கு, 50 வயது கடந்தும் திருமணமாகாத ஏழைப் பெண்களுக்குத் தனித்தனித் திட்டங்கள். மாதம் 1,000 ரூபாயாக இருந்த தொகை 2023-இல் 1,200 ஆனது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணை முடிந்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். மகன் பெயர் ரேஷன் கார்டில் இருந்தால் “பிள்ளை இருக்கானே” என்று திருப்பி அனுப்புவார்கள். பெயரைப் பிரித்துத் தனிக் கார்டு வாங்குவதை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

எஸ்டேட் அம்மாக்களிடம் மறக்காமல் கேளுங்கள்: “பிஎஃப் வாங்கினீங்களா? பணிக்கொடை வந்துச்சா?” பலருக்கு வராமலே நிற்கிறது. எஸ்டேட் பதிவேட்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். பிறந்த வருடம் வேறு. பழைய சம்பளச் சீட்டு, வேலை அட்டை எதுவானாலும் பெட்டியின் அடியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள். தொழிற்சங்கத்தில் பழைய ஆள் ஒருவரைப் பிடித்தால் பதிவேட்டு எண் கிடைத்துவிடும். சட்ட உதவி வேண்டும் என்றால் இலவசச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, எண் 15100. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்ப்பதில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு உறை போட்டு, நகல்களை வைத்து, மேலே என்ன முடிந்தது என்ன பாக்கி என்று எழுதி வையுங்கள். அசல் அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும்.

படி 7: நேரில் போகும்போது

போட்டோ வேண்டாம். அடிக்கிற கணவனுக்குப் பயந்து ஒளிந்திருக்கும் பெண்ணின் முகம் உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தால், அவர் இருக்கும் இடம் அன்று மாலைக்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். “ஏன் வீட்டை விட்டு வந்தீங்க?” என்றும் கேட்காதீர்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தட்டை நீட்டி வரிசையில் நிற்க வைக்காமல் நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். நகம் வெட்டிவிடுங்கள், கடிதம் படித்துக் காட்டுங்கள், தையல் தெரிந்தால் கிழிந்த நைட்டியைத் தைத்துக் கொடுங்கள். படகா, மலையாளம், கன்னடம், இந்தி எது தெரிந்தாலும் பொறுப்பாளரிடம் சொல்லி வையுங்கள். மாதம் ஒரு தடவை வருகிறேன் என்று சொன்னால் வந்துவிடுங்கள். அன்று காலையிலிருந்து அவர்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

படி 8: இரவில் வழியில் ஒரு பெண்ணைப் பார்த்தால்

தனியாக அழைத்துப் போகாதீர்கள். இன்னொரு பெண்ணைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று பேசுங்கள். சூடாக ஒரு டீ வாங்கிக் கொடுங்கள். 181 பெண்கள் உதவி எண், 112 அவசர எண், வயதானவர் என்றால் 14567. மனநலம் பாதித்து அலைகிறவர் என்று தெரிந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவரைப் பாதுகாப்பில் எடுப்பது போலீசின் கடமை. 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதைத் தெரிந்து பேசினால் “எங்க வேலை இல்லை” என்ற பதில் வராது. அந்தப் பெண் வர மறுத்தால் கம்பளியைக் கொடுத்துவிட்டு, எங்கே இருக்கிறார் என்று குறித்துக்கொண்டு, மறுநாள் போய்ப் பாருங்கள். மூன்றாவது நாள் வந்தவர்கள் உண்டு.

படி 9: கிளம்புகிறவர்களும் கடைசிவரை இருப்பவர்களும்

வேலை கிடைத்து வெளியே போகும் பெண்ணுக்கு அறை அட்வான்ஸ்தான் பெரிய தடை. அதற்கென்று ஒரு சிறு நிதியைத் தனியாக ஒதுக்கி வைக்கலாம். கூடவே ஒரு அடுப்பு, குக்கர், இரண்டு கம்பளி, மூன்று மாதத்துக்கு அரிசி. போன பிறகும் வாரம் ஒரு போன் செய்யுங்கள். திரும்பி வர நேர்ந்தால் வெட்கப்படாமல் வருவார்.

சில அம்மாக்கள் போக மாட்டார்கள். எங்கள் இல்லத்தில் அவர்களுக்கென்று ஒரு தனி நோட்டு இருக்கிறது. உடம்பு நன்றாக இருக்கும்போதே, ஒரு மத்தியான வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுவோம்: அடக்கமா, தகனமா? யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்? எந்தப் புடவை? கேட்கத் தயக்கமாக இருக்கும். அவர்களுக்குத் தயக்கமே இல்லை. ஒரு பாட்டி இரண்டு தடவை எழுத்துக் கூட்டிப் பார்க்கச் சொன்னார், மகளின் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறோமா என்று.